பாரன் தீவு புகைந்தால் கடல் பொங்குமா?

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பட்டு நெசவு செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தங்கை திருமணமாகி அந்தமானில் வசிக்கிறார். 2025 செப்டம்பரில், அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு எரிமலை சிறிய அளவில் சீறியது என்ற செய்தி வந்த நாளில், அவர் தறியை விட்டு எழுந்து என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். "சார், அங்க எரிமலை புகையுதாம். அப்படின்னா பூமி ஆடுமா? மறுபடியும் கடல் உள்ளே வருமா?" என்று கேட்டார்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற என்னால் உடனே விடை கூற இயலவில்லை. படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். அவர் கேட்டவை தனித்தனியே ஆராய வேண்டிய கேள்விகள். எரிமலை நிலத்தை நடுங்க வைக்குமா? வைத்தால் அந்த நடுக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? அது கடலைக் கரைக்குக் கொண்டுவருமா? இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் புகையைக் கண்டு கலங்குகிறோம். உண்மையான ஆபத்து வரும் காலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. 2004 டிசம்பர் 26, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி அளவில் கட்டில் மெல்ல ஆடியதை உணர்ந்தேன். எங்கோ தொலைவில் நிலநடுக்கம் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு நாளிதழைக் கையிலெடுத்தேன். என் மாணவர் சிலர் அன்று மாமல்லபுரத்துக்குப் புறப்படுகின்றனர் என்பது எனக்குத் தெரியும். அவர்களைத் தடுக்க ஏறத்தாழ இரண்டு மணி நேர அவகாசம் இருந்தது. தடுக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. பேருந்து தாமதமானதால் அவர்கள் உயிர் தப்பினர். ஆசிரியரின் அறிவால் அல்ல. பட்டம் பெற்ற எனக்குத் தெரியாத அந்தப் பாடம் எது என்பதைப் பின்னர்தான் தேடிக் கற்றேன்.

முதலில் பாரன் தீவைப் பற்றிச் சில செய்திகள். "பாரன்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு என்பது பொருள். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில் இத்தீவு உள்ளது. விட்டம் ஏறத்தாழ 3 கி.மீ.; கடல் மட்டத்துக்கு மேல் உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். ஆனால், நாம் காண்பது உச்சியை மட்டுமே. கடலடியிலிருந்து 2 கி.மீ.க்கும் மேல் எழுந்து நிற்கும் பெரிய மலையின் தலை அது. மக்கள் வாழாத இத்தீவின் சீற்றம் 1787-இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கி, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கி, 1991-இல் மீண்டும் விழித்தது. 1994-95-இலும், 2005 முதல் விட்டுவிட்டும் சீறி வருகிறது. இந்தியாவின் உயிருள்ள எரிமலை இது ஒன்றே. இதற்கு வடக்கே உள்ள நார்கொண்டம் தீவும் எரிமலைதான். 710 மீட்டர் உயரமுள்ள அது உறங்கிக் கிடக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத இருவாச்சிப் பறவையினம் ஒன்றுக்கு அதுவே வீடு.

எரிமலைத் தீவுகளில் நிலம் நடுங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் வெவ்வேறு அளவிலானவை; வெவ்வேறு விளைவுகளைத் தருபவை.

முதற்காரணம், பாறைக்குழம்பின் நகர்வு. பூமிக்கடியில் உருகிய பாறை மேலேறும்போது, இறுகிய பாறைகளைப் பிளந்துதான் வழி தேடுகிறது. ஒவ்வொரு பிளவும் ஒரு சிறு நடுக்கம். சில நாள்களில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இவை திரண்டு வரும். குழம்பும் வாயுவும் இடுக்குகளில் புகுந்து ஓடும்போது, குழாயில் நீர் ஓடும் அதிர்வைப் போன்ற நீண்ட முனகலும் கருவிகளில் பதிவாகும். இத்தகைய நடுக்கங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை; ரிக்டர் கணக்கில் 5-ஐத் தாண்டுவது அரிது.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் அயலாரிடம் போக வேண்டியதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், பிரான்சு நாட்டின் ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவில், 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். மாரியம்மனுக்கு அங்கே இன்றும் தீமிதி விழா நடக்கிறது. அத்தீவின் கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்நேசு உலகில் மிக அடிக்கடி சீறும் எரிமலைகளுள் ஒன்று. 1977 ஏப்ரலில் அதன் குழம்பு வழக்கமான எல்லையைக் கடந்து ஓர் ஊருக்குள் புகுந்து, தேவாலயத்தின் வாயிலிலேயே உறைந்து நின்றது. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே, 1979-இல் அங்கு எரிமலை ஆய்வகம் அமைந்தது. இன்று மலையுச்சிக்கு அடியில் சிறு நடுக்கங்கள் திரளத் தொடங்கியதும் ஆய்வகம் எச்சரிக்கிறது. மலைப் பாதைகள் மூடப்படுகின்றன. அங்கே நடுக்கம் அழிவன்று, முன்னறிவிப்பு. ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் நகரிலும் அப்படித்தான். 2023 நவம்பர் 10 அன்று நடுக்கங்கள் திரண்டதைக் கண்டு ஏறத்தாழ 3,800 மக்களையும் ஒரே இரவில் வெளியேற்றினர். டிசம்பர் 18-இல் ஊருக்கு அருகே நிலம் பிளந்து குழம்பு வெளிப்பட்டது.

இரண்டாவது காரணம், மலையின் எடை. எரிமலை தன் குழம்பைத் தன்மீதே கொட்டிக்கொண்டு வளர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் சேர்ந்த அந்தச் சுமை, அடியிலுள்ள தட்டையே வளைக்கிறது. மலையின் விலாப்புறம் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. ஹவாய்த் தீவுகள் இதற்குச் சான்று. பசிபிக் தட்டின் நடுவே, தட்டுகளின் விளிம்பிலிருந்து பல்லாயிரம் கி.மீ. தொலைவில் இருந்தும் அங்கே பெரிய நடுக்கங்கள் நிகழ்கின்றன. 1868-இல் நிகழ்ந்ததன் அளவு ஏறத்தாழ 7.9. 1975-இல் நிகழ்ந்தது 7.7, அது ஆழிப்பேரலையையும் எழுப்பியது. 2018 மே மாதத்தில் கீலவேயா எரிமலையின் தென்விலா நழுவியபோது 6.9 அளவில் நிலம் நடுங்கியது. குழம்பு வெளியேறியபின் அடியில் ஏற்படும் வெற்றிடத்துள் மலையுச்சி இடிந்து விழுவதும் உண்டு. ரீயூனியனில் 2007 ஏப்ரலில் எரிமலை வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது அவ்வாறே.

மூன்றாவது காரணம், நிலத்தட்டுகளின் மோதல். அந்தமானுக்கு உரியது இது. நாம் நிற்கும் இந்தியத் தட்டு, வங்கக் கடலுக்குக் கிழக்கே, அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாங்கும் பர்மியத் தட்டுக்கு அடியில் செருகிச் செல்கிறது. வழுக்கிச் சென்றால் தொல்லையில்லை. இரு தட்டுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நூற்றாண்டுக் கணக்கில் விசையைச் சேர்த்து வைக்கின்றன. பிடி ஒரு நாள் நழுவும்போது அத்தனை விசையும் சில நிமிடங்களில் வெளிப்படுகிறது.

அப்படியானால் பாரன் எரிமலை எங்கிருந்து வந்தது? அதற்கும் இதே செருகல்தான் காரணம். உள்ளே செல்லும் தட்டு கடல்நீரைத் தன் கனிமங்களில் சுமந்து செல்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் கலந்த பாறை, கலவாத பாறையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும். அவ்வாறு உருகிய குழம்பு மேலேறி உருவானவையே பாரனும் நார்கொண்டமும். ஆகவே, அந்தமானின் பெரிய நடுக்கங்களும் அந்தமானின் எரிமலையும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கவில்லை. நெசவாளர் நண்பரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அளவில் உள்ள வேறுபாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நடுக்கத்தின் அளவு ஒரு படி கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு படி கூடினால் 1,000 மடங்கு. எரிமலைக்கடியில் 5 அளவில் நிகழும் நடுக்கத்துக்கும், தட்டுகள் நழுவி 9 அளவில் நிகழும் நடுக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு 10 லட்சம் மடங்கு.

2004-இல் நிகழ்ந்தது அந்த இரண்டாம் வகை. சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய முறிவு, நிக்கோபார் வழியாக அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பரவியது. அளவு 9.1. சோழர் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபாரின் தென்கோடியில், இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. கடலடி மேலெழுந்ததால் அதன்மீதிருந்த நீர் முழுவதும் தள்ளப்பட்டது. பல நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். மாமல்லபுரமும் கல்பாக்கமும் அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எல்லைக்கோடு மாறியதால் உறவும் பொறுப்பும் மாறிவிடுமா என்ன?

நடுக்கம் பெரிதென்றால் கடல் பொங்கியே தீரும் என்பதும் இல்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவிலும், சுமார் இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவிலும் நிலம் நடுங்கியது. சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டு வெளியேறினர். காஞ்சிபுரத்தில் குழித்தறியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்த நண்பரும் அதை உணர்ந்தார். ஆயினும் பேரலை வரவில்லை. அன்று கடலடி பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். கடலடி மேலும் கீழும் அசைந்தால்தான் நீர் பெருமளவில் எழும்பும்.

2004-க்குப் பிறகு ஒரு வாதம் பரவியது. டிசம்பரில் நிலநடுக்கம், அடுத்த மே மாதத்தில் பாரன் தீவு சீறல், எனவே ஒன்று மற்றொன்றைத் தூண்டியது என்பது அது. பெரிய நடுக்கம் அருகிலுள்ள எரிமலையின் அழுத்தத்தைக் குலைக்கக்கூடும் என்று அறிவியலாளர்கள் கருதுவதுண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், பொருளாதார மாணவனுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஒன்றன்பின் ஒன்று வந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. 1991-லும் 1994-லும் அத்தகைய பெருநடுக்கம் எதுவும் இல்லாமலேயே பாரன் சீறியிருக்கிறது. அதன் பிந்தைய சீறல்களுக்குப் பிறகு பேரலை எதுவும் நம் கரைக்கு வரவில்லை. ஆகவே, பாரன் புகைவதைப் பேரலையின் அறிகுறியாகக் கொள்ள இடமில்லை.

அப்படியென்றால் எரிமலைத் தீவால் கடலுக்கு ஆபத்தே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வழியில் வருகிறது. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்துச் சிதறியபோது 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது கடலலை. அதே இடத்தில் பின்னர் முளைத்த குட்டி எரிமலையின் ஒரு பக்கம் 2018 டிசம்பர் 22 இரவில் கடலுக்குள் சரிந்து, அலை எழும்பி, 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னறிவிப்பாக வரவில்லை. நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட எச்சரிக்கை முறை அதனால் மௌனமாக இருந்தது. பாரன் தீவு நாளையே சரியும் என்று நான் கூறவில்லை; அப்படிக் கூற எந்தச் சான்றும் இல்லை. நிலநடுக்கத்தைக் கவனித்தால் மட்டும் போதாது, எரிமலையின் உடலையும் கவனிக்க வேண்டும் என்பதே கிரகடோவா தரும் பாடம்.

நம் நாடு கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கமானிகள், ஆழ்கடலில் வைக்கப்பட்ட அழுத்தமானிகள், கரையோர அலையளவிகள் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு, நடுக்கம் நிகழ்ந்த சில நிமிடங்களில் அதனால் எச்சரிக்கை விடுக்க முடியும். 2002-இல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடம் அந்தமான் நிக்கோபார் முழுவதையும் மிகுந்த ஆபத்துக்குரிய ஐந்தாம் மண்டலத்தில் வைத்தது. சென்னையை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது.

இவையெல்லாம் 2004-க்கு முன்பே நமக்கு எட்டாதவையா என்றால், இல்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏறத்தாழ 7.9 அளவில் நிகழ்ந்த நடுக்கம் எழுப்பிய அலையை, சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் அலையளவிகள் பதிவு செய்து வைத்திருந்தன. நிக்கோபாரில் நிலம் அசைந்தால் நாகையில் கடல் எழும் என்பது 123 ஆண்டுகளாக நம் ஏடுகளில் இருந்தது. ஏட்டில் இருந்தது மீனவர் குப்பத்துக்கு வரவில்லை. கல்லூரி ஆசிரியரின் தலைக்குள்ளும் வரவில்லை.

சுமத்ராவுக்கு அருகே உள்ள சிமலுவே தீவில் 1907-இல் பேரலை வந்து பலரைக் கொன்றது. அன்று முதல் அங்கே பாட்டிமார் "ஸ்மோங்" என்ற ஒரு சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நிலம் வலுவாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது அதன் பொருள். 2004-இல் முறிவு தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. செலவில்லாத ஒரு சொல் செய்த வேலை இது.

ஆனால், தமிழகக் கரைக்கு அந்தச் சொல் மட்டும் போதாது. சிமலுவேயில் நிலம் வலுவாக ஆடியது. இங்கே கட்டில்தான் ஆடியது. ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் நிகழும் பெருநடுக்கம் நமக்கு மெல்லிய அசைவாகவே வந்து சேரும். சில வேளைகளில் அதுவும் தெரியாது. ஆகவே, நம் கரைக்கு இரண்டும் வேண்டும்: கருவி தரும் எச்சரிக்கை, அதைக் கேட்டதும் காரணம் கேளாமல் நகரும் மக்கள் பழக்கம்.

பொருளாதார நோக்கில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எச்சரிக்கை என்பது பொதுப்பண்டம். எவரும் அதை விலை கொடுத்து வாங்கமாட்டார். எந்த நிறுவனமும் இலாபத்துக்காக ஆளற்ற தீவில் கருவி பதிக்காது. ஆபத்து வராத ஆண்டுகளில் அச்செலவு வீண் என்றே கணக்கில் தோன்றும். அதனால்தான் அரசு அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பாரன் தீவைக் கப்பல் அவ்வழியே போகும்போது மட்டும் பார்க்காமல், ரீயூனியனில் செய்வதுபோல் இடைவிடாது கண்காணிக்க வேண்டும். அந்தமானில் எழும் ஒவ்வொரு பள்ளியும் மருத்துவமனையும் ஐந்தாம் மண்டலத்துக்குரிய வலிமையோடு கட்டப்பட வேண்டும். ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளான நவம்பர் 5 அன்று நம் கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒத்திகை நடக்க வேண்டும். உள்நாட்டுப் பள்ளிகளிலும் இப்பாடம் வேண்டும். கடற்கரைக்குச் சுற்றுலா செல்பவர்கள் உள்நாட்டுப் பிள்ளைகளே.

ஐம்பூதத் தலங்களுள் நிலத்துக்குரியது எங்கள் ஊர். ஏகாம்பரநாதர் கோயிலில் மண்ணையே இறைவனாக வணங்குகிறோம். வணங்கும் மண்ணை அறிந்துகொள்வதும் வழிபாட்டின் பகுதியே என்று இப்போது எண்ணுகிறேன்.

நண்பரிடம் சில நாள்கள் கழித்து விடை சொன்னேன். எரிமலை புகைவதற்காகத் தங்கை அஞ்ச வேண்டாம். ஆனால் நிலம் அரை நிமிடம் வலுவாக ஆடினால், எரிமலை புகைந்தாலும் புகையாவிட்டாலும், எதையும் எடுக்காமல் மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். அவர் அங்கேயே தொலைபேசியை எடுத்துத் தங்கையை அழைத்தார். "சார் சொல்றாங்க, நல்லாக் கேட்டுக்கோம்மா" என்று தொடங்கினார். 2004-இல் நான் பேசியிருக்க வேண்டியதை, இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, என் திண்ணையில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.